எட்டுக் கிலோ பலகைக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு

குட்டி யானை எங்கள் சந்துக்குள் நுழையாது. அதனால் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, பலகையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒன்பது அடி நீளம், நீல நிறம், நடுவில் ஒரு மஞ்சள் கோடு. நாற்பதைத் தாண்டிய ஒரு பொம்பளை ராயபுரத்து மத்தியான வெயிலில் தலையில் சர்ஃப் போர்டோடு நடந்து போனால் சும்மா விடுவார்களா? தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த கூட்டம் மொத்தமும் லாரியை மறந்துவிட்டு என் பின்னால் வந்தது.

"இன்னாக்கா, வூட்டுக்குக் கதவு மாத்தறியா?"

"கதவு இல்லடி, இஸ்திரி போட்ற பலக. அவுரு வேட்டிய மடிக்காமயே போடலாம்" என்றேன்.

வீட்டுக்குள் கட்டிலில் மாமா உட்கார்ந்திருந்தார். என் கணவரின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பலகையை உள்ளே நுழைக்கப் படும் பாட்டையெல்லாம் பேசாமல் பார்த்துவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தார்.

"சவப்பொட்டி மூடி மாறி கீது. எனுக்காம்மா? இன்னும் டைம் கீதே."

இந்த வீட்டில் எனக்கு வாய்த்த வரவேற்பு எப்போதும் இப்படித்தான்.

சர்ஃபிங் எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் பில் அடிக்கும் வேலை எனக்கு. சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கோவளத்துக்கு ஒரு நாள் போயிருந்தோம். அங்கே கரையில் அலைச்சறுக்கு சொல்லிக் கொடுக்கும் ஒரு கொட்டகை. மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் தண்ணீருக்குள் இறங்கினேன். விழுந்தேன், எழுந்தேன், மூக்கு வழியாகக் கடலில் பாதியைக் குடித்தேன். சாயங்காலம் கிளம்பப் போகும் நேரத்தில் ஒரு சின்ன அலையில் என் இரண்டு காலும் பலகைமேல் நின்றன. கண் மூடித் திறப்பதற்குள் அது முடிந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு என் மேனேஜர் அம்மா யாரோ மூழ்குகிறார்கள் என்று ஓடி வந்தார்.

காசிமேட்டு மீன் வாடையில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலைப் பார்க்காத நாளே கிடையாது. ஆனால் கடல் எங்களுக்கு வேலை செய்கிற இடம். ஆபீசில் போய் யாராவது சறுக்கி விளையாடுவார்களா? கடலில் சும்மா சந்தோஷமாகவும் இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் கோவளம்தான். பழைய பலகை ஒன்றை அந்தக் கொட்டகைக்காரர்களிடமே வாங்கி, அங்கேயே போட்டு வைத்திருந்தேன். இந்த வருஷம் இடத்துக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அவரவர் பலகையை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. எங்கள் சந்தில் மீன் வண்டி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் சனிக்கிழமை விடியற்காலையில் கோவளத்துக்குக் காலி வண்டியாகப் போவார். பலகையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போகச் சம்மதித்தார். ஆக, வீட்டில் வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டால் என் சனிக்கிழமை பிழைத்துவிடும்.

என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க வேணா வெச்சிக்கமே. நைனா நடக்கற எடத்த மட்டும் தொடாத."

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது. தேறி வந்த பிறகு, வலது உள்ளங்கையைச் சுவரில் தேய்த்தபடியே கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் நடப்பார். வாசலில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே உட்கார்ந்துதான் கீரைக்காரியிடம் பேரம் பேசுவார், போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார், கட்சிக்காரர்களைத் திட்டுவார். அவருடைய உலகம் முழுக்க அந்த நாற்காலியில்தான் இருந்தது. கை பட்டுப் பட்டு எங்கள் ஹால் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கருப்புக் கோடே விழுந்திருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரை அவர் தொட்டதில்லை. அதில் நாங்கள் துண்டு காயப் போடுகிறோம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள் என்று டாக்டர் சொன்னபோது மாமா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"கம்பிலாம் சீக்காளிக்குத்தான். வூட்ட ஆஸ்பத்திரி ஆக்காதீங்க."

இதில் என்ன கஷ்டம் என்றால், எங்கள் வீட்டில் ஒன்பது அடி காலியாக இருப்பது அந்த ஒரு சுவர்தான். எதிர்ச் சுவரில் பீரோ, பிரிட்ஜ், மாதா பீடம் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன.

முதலில் மொட்டை மாடியில் வைத்தேன். வடசென்னை மாடியைப் பற்றித் தெரிந்திருந்தும் செய்தேன் பாருங்கள், என்னை என்ன சொல்வது. கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல்பக்கம் மெழுகு தேய்த்திருக்கும். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் சாம்பல், துறைமுகப் பக்கமிருந்து அடித்தால் கரித்தூள். இரண்டும் மெழுகில் ஒட்டிக்கொண்டு, பலகை உப்புத்தாள் போல ஆகிவிட்டது. அடுத்த நாள் ஏறிப் பார்த்தால் அதன்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருக்கிறது. கீழ்வீட்டு அக்கா முறத்தோடு நிற்கிறார்.

"நல்ல பலகம்மா. சோக்கா காயுது. ஒரு ஈ ஒக்காரல."

பலகையைக் கழுவிக் கீழே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தலைப்பக்கம் அரை முழம், கால்பக்கம் ஒன்றரை முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சமையலறைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொண்டேன். அப்புறம் மாதா பீடத்தின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினேன். அந்த மாசம் ஜெபமாலை மாசம். தெருப் பெண்கள் வீடு வீடாக மாதாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஜெபம் சொல்வார்கள். எங்கள் வீட்டு முறை வந்தபோது ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். ஒரு அம்மா மாதாவின் பாதத்தைத் தொட்டு விரலில் முத்தமிட்டு முத்தி செய்துவிட்டு, அதே கையோடு என் பலகையையும் தொட்டு முத்தி செய்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். மாமா கட்டிலில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் யாராவது இதற்குத் தேர் கட்டிவிடப் போகிறார்கள் என்று பயந்து, அன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

ஸ்டாண்டு வாங்குவது என்று முடிவு செய்து போனில் தேட ஆரம்பித்தேன். எத்தனை வகை! தரையில் நிற்பது, சுவரில் மாட்டுவது, கூரையில் தொங்குவது, மூங்கிலில் செய்தது. எல்லாப் படத்திலும் வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி, வேறு ஒன்றும் இல்லை. அந்த வீடுகளில் கேஸ் சிலிண்டர் கிடையாது, தண்ணீர் டிரம் கிடையாது, கொடியில் உள்பாவாடை கிடையாது. அதில் மனிதர்கள் எங்கே படுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கூரையில் தொங்க விட்டால் ஃபேனில் இடிக்கும். தரையில் நிற்க வைத்தால் மாமாவின் வழியை அடைக்கும். கடைசியில் சுவரில் மாட்டுகிற இரண்டு மரக் கைகளை வரவழைத்தேன். மாமாவின் சுவர்தான். ஆனால் தலைக்கு மேலே, அவர் கை படுகிற கோட்டுக்கு ரொம்ப உயரத்தில் மாட்டச் சொன்னேன்.

எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! சமையல் முடிந்ததும் தரையில் பாயைப் போட்டுப் படுத்து, அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட மறந்துவிடும்.

பழைய சுண்ணாம்புச் சுவர். அது எங்களையே எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியாது. அதில் போய் திருகாணி நிற்குமா? ஒரு மத்தியானம், மாமா வாசலுக்கு நடந்து போகும்போது அவருக்குப் பின்னால் பலகை சுவரோடு பெயர்ந்து விழுந்தது. அவர்மேல் படவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் அவர் கையை எடுத்துவிட்டார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஆபீசிலிருந்து ஓடி வந்தபோது அக்கம்பக்கத்தவர்கள் அவரைக் கட்டிலில் சேர்த்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆவலம்மா. உன் பொட்டி மூடி ஒடஞ்சிதா பாரு" என்றார்.

அடி ஒன்றும் இல்லைதான். ஆனால் அடுத்த நாள் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சுவரில் கை வைப்பார், உடனே எடுத்துவிடுவார். அத்தனை நாள் நம்பிய சுவர்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. சாப்பாடு கட்டிலுக்கே போனது. வாசல் நாற்காலியில் பூனை படுத்துக்கொண்டது. "தாத்தாக்கு இன்னா ஆச்சு?" என்று கீரைக்காரி தினமும் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு அழுகையாக வந்தது. என் சந்தோஷத்துக்காக அவருடைய வாசலைப் பிடுங்கிக்கொண்டுவிட்டேன் என்று தோன்றியது. பலகையைப் போட்டோ எடுத்து, விற்பனைக்கு என்று வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தேன். தெரிந்தவர் மூலமாக அண்ணா நகரிலிருந்து ஒருவர் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சரி என்றேன்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"விக்காதமே. சொவுத்த நம்பாம தானா நிக்கற மாறி ஒரு ஸ்டாண்டு நான் அடிச்சிகினு வரேன்."

"வேணாம். போவட்டும்."

"ஞாயித்திக்கெயம வரிக்கும் டைம் கீதில்ல?"

அவருக்குத் துறைமுக யார்டில் சரக்கு கட்டுகிற வேலை. கன்டெய்னர்கள் நடுக்கடலில் நகராமல் இருக்க இரும்புக் கழியும் சங்கிலியும் போட்டு இறுக்குகிற குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. அந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் முதலில் "இன்னா லோடு?" என்று கேட்பார்கள். பதில் எதுவானாலும் அதை ஐந்தால் பெருக்குவார்கள். அப்புறம்தான் கையை வைப்பார்கள். எங்கள் கல்யாணப் பந்தலே அந்தக் கணக்கில் போட்டதுதான். புயல் வந்தபோது பக்கத்துத் தெரு ஆட்கள் அதற்குள் ஒதுங்கி நின்றார்கள்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போய்ப் பைப் வாங்கி, அங்கேயே பக்கத்தில் தெரிந்த வெல்டரிடம் கொடுத்திருக்கிறார். வெல்டர் லோடு கேட்டிருக்கிறார். இவர் எட்டுக் கிலோ என்று சொல்லியிருக்கிறார். எட்டுக் கிலோவுக்கு எவனாவது சாத்தாங்காட்டுக்கு வருவானா? எண்பதைத்தான் வாய் தவறிச் சொல்கிறார் என்று வெல்டர் முடிவு கட்டிவிட்டார். அதை இவரிடம் கேட்கவும் இல்லை. எண்பதை ஐந்தால் பெருக்கினார். கடல் சாமான் என்று காதில் விழுந்ததும் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்.

சனிக்கிழமை அது மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. தூக்கி வர நாலு ஆட்கள். இரண்டு தடித்த தூண்கள், மேலே நாலு கைகள். ஆடாமல் இருக்க இடுப்பு உயரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு குறுக்குப் பைப். யார்டில் மிச்சமிருந்த பெயின்டில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாமாவின் சுவரை ஒட்டித் தரையில் துளை போட்டு, கட்டைவிரல் தடிமனுக்கு போல்ட்டு போட்டு இறுக்கிவிட்டார்கள். அதன் உச்சியில் என் நீலப் பலகையைத் தூக்கி வைத்தபோது, பாலத்தின்மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன வாழைப்பழம் போல இருந்தது.

நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன்.

"எட்டுக் கிலோய்யா அது! எட்டுக் கிலோ! யானையா கட்டப் போற?"

"கடல்ல ஓட்ற சாமான்மே. ஆட்டம் இருக்கும்ல."

"வூட்டுக்குள்ள இன்னா அலையா அடிக்குது?"

வந்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தார்கள். எப்படியும் நாளைக்குப் பலகை போய்விடும். இந்த இரும்புச் சனியன் மட்டும் ஆயுசுக்கும் என் ஹாலில் நிற்கப் போகிறது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது கட்டிலிலிருந்து மாமாவின் குரல்.

"வெல்டிங் யாருடா?"

என் கணவர் வெல்டரின் பெயரைச் சொன்னார்.

"ஒயுங்காதான் அட்ச்சிருக்கான்."

வாழ்க்கை முழுக்க இரும்போடு கிடந்தவர். கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டிக் குறுக்குப் பைப்பைப் பிடித்தார். ஒரு உலுக்கு உலுக்கினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக உலுக்கினார். பிறகு உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தார்.

"ஆடல" என்றார்.

சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை இறக்கவில்லை. மாமா வலது கையைப் பைப்பின்மேல் வழுக்கிக்கொண்டே ஓர் அடி வைத்தார். நின்று மறுபடியும் உலுக்கிப் பார்த்தார். இன்னோர் அடி. மேலே பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார், அது இருக்கிறதா என்று. பைப் முடிகிற இடத்தில் வாசல். பூனையை ஒரு அதட்டு அதட்டி இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கீரக்காரி பூட்டாளா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இதையெல்லாம் யோசித்துத்தான் அந்தக் குறுக்குப் பைப்பைப் போடச் சொன்னேன் என்று இன்றைக்கும் என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நம்பாதீர்கள். மாமா எழுந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்த்தவள் நான். என்னைவிட அவர்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சாயங்காலம் வாய் தவறிச் சொன்னேன், "கைப்பிடி சௌகரியமா இருக்கா மாமா?"

மாமாவின் முகம் மாறிவிட்டது.

"இன்னா கைப்பிடி? இது போர்டு ஸ்டாண்டும்மா."

"ஆமா மாமா, ஸ்டாண்டுதான்" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அண்ணா நகர்க்காரர் வாசலில் நிற்கிறார். மரியாதையான பையன். விற்க எனக்கு மனசே இல்லை. ஆனால் வரச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டேன், எப்படி இல்லை என்பது? பலகை இல்லாவிட்டாலும் மாமாவுக்கு ஸ்டாண்டு இருக்கிறது, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பையன் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், பிடித்திருந்தது. இறக்குவதற்காக அவன் கையை உயர்த்தியபோது, மாமா கட்டிலிலிருந்து எழுந்து, பைப்பைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து நடுவில் நின்றார்.

"இன்னா தம்பி?"

"போர்டு வாங்க வந்தேன் சார்."

"விக்கறதுக்கு இல்லியே. என்னுது அது."

பையன் அவரைப் பார்த்தான். இழுத்துக்கொண்ட இடது கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்க சர்ஃப் பண்ணுவீங்களா சார்?"

"ஸ்டாண்டே நம்மகிட்ட கீது, பாத்தியா இல்லியா? போர்டு இல்லாம எவனாச்சும் வூட்ல ஸ்டாண்டு வெச்சிருப்பானா? பாக்கறவன் இன்னா கேப்பான்? பெருசுக்குக் கம்பி போட்டுக் குட்த்திருக்காங்கன்னு சொல்ல மாட்டான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகை மேலே இருக்கிற வரைக்கும்தான் அது ஸ்டாண்டு. பலகை இறங்கிவிட்டால் அது டாக்டர் சொன்ன கம்பி. கம்பியை மாமா தொட மாட்டார். என் சனிக்கிழமையும் அவருடைய வாசலும் ஒரே இரும்பில் மாட்டிக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றேன். "வீட்டுப் பெரியவரைக் கேக்காம சொல்லிட்டேன்."

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. டீயும் வடையும் சாப்பிட்டான். போகும்போது, இந்த ஸ்டாண்டை எங்கே செய்தீர்கள் என்று மாமாவிடம் விசாரித்தான். மாமா சாத்தாங்காட்டுக்கு வழி சொன்னார். கூடவே லோடு என்றால் என்ன, ஏன் ஐந்தால் பெருக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு பாடம் எடுத்தார். அவன் தப்பித்துப் போவதற்குள் தெருமுனை இட்லிக் கடையையே மூடிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை விடியும் நேரம். தெருமுனையில் மீன் வண்டியின் ஹாரன் கேட்டது. ஸ்டூல் போட்டு ஏறி, சத்தம் போடாமல் பலகையை இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் மாமா எழுந்து பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எத்தினி மணிக்கு வருவ?"

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன் மாமா."

"சட்டுனு கொண்டாந்து மாட்டிடும்மா. ஸ்டாண்டு வெறுசா கீது பாரு. யாராச்சும் வந்து பாத்தா பேஜாரா பூடும்."

"யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

அவர் வெறும் ஸ்டாண்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"கடலுக்குப் போயிருக்குன்னு சொல்றேன்."

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தில் நடந்தேன். பின்னால், மாமா வாசலுக்கு நடந்து வந்து நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.